பாம்பு சுகமா என்று கேட்கும் மகனுக்கு

பெங்களூர் தண்டு,
1937 செப்டம்பர் 26, ஞாயிறு.

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மகன் நோயலுக்கு, பூசை முடிந்து வந்து உலையை ஏற்றிவிட்டு, அது கொதிக்கிற நேரத்தில் உன் அம்மா ஜோசஃபின் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நைரோபியில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பில் சதையோடு இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்கென்று தனியாகச் சொல்லுகிறேன். உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல முதல் வரியில் பாம்பு சுகமா என்று கேட்டிருக்கிறாய், அடுத்து ஆமை, அடுத்து பச்சோந்தி, அதற்கப்புறம் அப்பாவின் முழங்கால், கடைசியில் தாளில் இடம் மிச்சம் இருந்ததால் அம்மாவுக்கு முத்தங்கள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பாம்புக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எனக்கு எழுதுகிறாய். மாதாமாதம் மகனிடமிருந்து கடிதம் தவறாமல் வருகிறதே, கொடுத்துவைத்தவள் என்று தெருவில் எல்லாரும் சொல்லுகிறார்கள், அவர்களுக்கு உள்விவரம் தெரியாது. நானும் சொல்லிக்கொள்வதில்லை. எதன் பேரால் வந்தாலும் கடிதம் கடிதம்தான், அது வராத மாதம் ஒன்று வந்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு. இந்தத் தடவை மட்டும் நீ கேட்ட வரிசையில் பதில் எழுதமாட்டேன், பாம்பு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஆமை சுகம். கனகாம்பரச் செடிகளை வேரோடு தின்று முடித்துவிட்டு இப்போது டிசம்பர்பூவில் ஆரம்பித்திருக்கிறது. பச்சோந்தி கறிவேப்பிலை மரத்தில் இருப்பதாக உன் அப்பா சொல்லுகிறார். நான் கண்ணால் பார்த்து வெகுநாளாகிறது. தினமும் காலையில் மரத்தடியில் அண்ணாந்து நின்று, அதோ இருக்கான் பாரு, என்னையே பாக்கிறான் என்பார், நான் பார்த்தால் கறிவேப்பிலைதான் தெரிகிறது. ரசத்துக்கு ஒரு கொத்து கிள்ளுவதற்குக்கூட அவரைக் கேட்டுவிட்டுக் கிள்ள வேண்டியிருக்கிறது. அவர் வார்த்தையை நம்பி அதுவும் சுகம் என்று எழுதுகிறேன். அவர் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் வலித்ததைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் பாம்புக்கு எலி பிடிக்க எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவதற்கு மட்டும் அந்த முழங்கால் ஒன்றும் சொல்வதில்லை. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் குப்பைகொட்டியபோது அவரை ஒருவரும் சாப் என்று அழைத்ததில்லை, இப்போது கறிக்கடை பாயின் பிள்ளைகள் அவர் தெருமுனையில் திரும்பும்போதே சூஹா சாப் ஆகயே என்று கத்துகிறார்கள். சூஹா என்றால் எலி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தொப்பியைத் தொட்டு சலாம் வைக்கிறார்.

பிரிஜெட் கலியாணம் நல்லபடியாக முடிந்தது என்று உனக்குத் தந்தி கொடுத்தோம். முடியாமல் போக இருந்தது என்பதைத் தந்தியில் சொல்ல முடியாது, அதனால் இப்போது சொல்லுகிறேன். உன் அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டே போனதும், வருகிறவர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்ததும் உனக்குத் தெரியும். போன வருஷம் கோலாரிலிருந்து ஒரு பையன் பெண் பார்க்க வந்து, வராந்தாவில் உன் பாம்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் காபியை வைத்தது வைத்தபடி இறங்கிப் போனான். செருப்பை விட்டுவிட்டுப் போனான், இதுவரை எடுக்க வரவில்லை, நல்ல செருப்பு, அப்பா போட்டுக்கொள்கிறார். அதனால் இந்தத் தடவை ஆம்ப்ரோஸ் என்ற பையன் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றதும் நான் முதலில் பாம்புப் பெட்டியைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை கோர்ட்டில் அமீனா, கடன்பட்டவர்கள் வீட்டில் ஜப்தி செய்கிற வேலை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள், நம் வீட்டில் ஆமை ஏற்கனவே உண்டு, இனி அமீனாவும் வந்தால் பாக்கி ஒன்றும் இருக்காது என்று நான் சொன்னேன். அப்பா, ரெண்டும் சேர்ந்து வந்தா ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடும் என்றார். கணக்கு பார்த்த மனுஷன், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் பாம்புப் பெட்டியை எங்கேயாவது மறைக்க வேண்டும். நீ தேயிலைப்பெட்டிப் பலகையில் செய்து கம்பிவலை அடித்தாயே, அதில் மண் வேறு பாதி நிரப்பியிருக்கிறாய், நானும் அப்பாவும் பிடித்து இழுத்ததில் பெட்டி நகரவில்லை, அப்பாவின் இடுப்புத்தான் நகர்ந்தது. பாம்போ உள்ளே மண்ணுக்குள் புதைந்து, தலையா வாலா என்று தெரியாமல் ஒரு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நான் பொய்யே சொல்லவில்லை, ஒரு மேஜைவிரிப்புப் போட்டேன். பின்னல் வேலை செய்த வெள்ளை விரிப்பு. அதை யாரும் தூக்கிப் பார்க்காமல் இருக்க மேலே ஏதாவது வைக்க வேண்டுமே என்று உள்ளேயிருந்து அமலோற்பவ மாதா சுரூபத்தைக் கொண்டுவந்து வைத்தேன், இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுவர்த்தி. மாதாவின் காலடியில் சுண்ணாம்பில் செய்த பாம்பு ஒன்று ஏற்கனவே இருக்கிறது, இன்னொன்று சற்றுக் கீழே இருந்தால் அவளுக்கு என்ன கஷ்டம் என்றுதான் அப்போது தோன்றியது. பார்க்கவும் அழகாக இருந்தது.

ஆம்ப்ரோஸின் அம்மா கேத்தரின் வந்தாள். உயரமானவள், விதவை, கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. இரண்டு பிள்ளைகள், சின்னவன் ஆம்ப்ரோஸ், மூத்தவன் டெஸ்மண்ட் பினாங்கில் என்று சொன்னாள், அதற்குமேல் மூத்தவனைப் பற்றிப் பேசவில்லை. வராந்தாவில் ஏறியதும் சுரூபத்தைப் பார்த்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே போய்ப் பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டு, முதலில் மாதாவிடம் கேட்டுடுவோம், அப்புறம் நம்ம பேச்சு என்று செபமாலையை எடுத்துவிட்டாள். ஒரு மனுஷி பக்தியாக முழந்தாளில் நிற்கும்போது, எழுந்திருங்கள், உள்ளே பாம்பு இருக்கிறது என்று சொல்ல முடியுமா நீயே சொல். நாங்கள் எல்லாரும் அவள் பின்னால் முழந்தாளிட்டோம். ஐம்பத்துமூன்று மணியும் முழுசாகச் சொன்னாள். நடுவில் பெட்டிக்குள் மண் சரசரவென்றது. கேத்தரின் கண்ணைத் திறக்காமலே, எலி போல இருக்குது என்றாள். எலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது, பழக்கதோஷம். கடைசியில் மாதாவின் பாதத்தை முத்திசெய்து எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படிப் பக்தியான வீட்டிலதான் சம்பந்தம் வேணும்னு நேர்ந்துகிட்டிருந்தேன் என்று சொன்னாள். அங்கேயே நிச்சயம். பிரிஜெட் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள், சிரித்தாளோ என்னவோ, தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

விரிப்பையும் சுரூபத்தையும் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். கலியாணம் முடிகிறவரை அவள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அப்படியே விட்டேன், வந்த வினை அதுதான். கலியாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஆகஸ்டில் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது கோயிலில் இருமல்கூட இல்லை. அந்த வாரமே நாகர பஞ்சமி வந்தது. எதிர்வீட்டுப் புட்டம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய். அவளும் மற்ற கன்னடக்காரப் பெண்களும் வருஷாவருஷம் தெருக்கோடிப் புற்றில் பால் ஊற்றுவார்கள், அந்தப் புற்றை இந்த வருஷம் ரோடு போட வந்த கூலிகள் இடித்துச் சமப்படுத்திவிட்டார்கள். புட்டம்மா காலையிலேயே குளித்து மஞ்சள் பூசிக்கொண்டு வந்து நின்று, அக்காவரே, நம்ம ஹுத்தம் போய்ட்சு, ஹாலு எல்லி ஹாகோது, பால எங்க ஊத்துறது, உங்க மனேல ஒரு ஹாவு இருக்கில்ல என்றாள். நான் அது நாகப்பாம்பு அல்ல, மண்ணுளிப் பாம்பு, படம்கூட எடுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஹாவுன்னா ஹாவுதான் அக்கா, அதுக்குள்ள நாம ஜாதி பாக்கலாமா என்று கேட்டாள். பிரிஜெட் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது நம் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள், இவள்தான் உள்ளே வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவளைப் போய் எப்படி வேண்டாம் என்பது. சத்தமில்லாமல் ஊற்றிவிட்டுப் போ என்றேன். சத்தமில்லாமல் என்று நான் சொன்னதைத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லி அழைத்து வந்துவிட்டாள்.

வராந்தா நிறையப் பெண்கள். தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, நெய்விளக்கு, அரிசிமாவு உருண்டை. விரிப்பை மட்டும் கொஞ்சம் தூக்கி வலையைக் காட்டினேன். சுரூபத்தை நகர்த்தட்டுமா என்று கேட்டேன், பேடா அக்கா, அம்மனவரும் இருக்கட்டும் என்று மாதாவுக்கும் பூ வைத்துப் பாதத்தில் குங்குமமும் வைத்து, காலடியில் இருந்த சுண்ணாம்புப் பாம்புக்கு மஞ்சளும் பூசினார்கள். அப்பா நடுவில் நின்றுகொண்டு, அம்மா இது பால் குடிக்காது, எலிதான் தின்னும் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிப் பார்த்தார், ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தில் இருந்த பாலைப் பக்கத்துவீட்டுப் பூனை வந்து குடித்துவிட்டுப் போனது, காலிக் கிண்ணத்தைப் பார்த்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் உபதேசியார் மதலைமுத்து, பரலோக மாதா திருநாள் பவனிக்குப் பிரிஜெட்டைப் பூத்தூவக் கூப்பிட வந்து வாசலில் நிற்கிறார். விளக்கு எரிகிறது, புகை போகிறது, நம் மாதா குங்குமத்தோடு நிற்கிறாள், கீழே பாம்பு. குடையை மடக்காமலே படியேறியவர் அதே குடையோடு இறங்கிப் போனார். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

திருநாள் அன்றைக்கு இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது, அதற்குப் பிறகுதான் மதலைமுத்து வாயைத் திறந்தார். நம் வீட்டில் நாகபூசை நடக்கிறது, வேதத்தைவிட்டுப் போய்விட்டோம் என்று சாமியாரிடம் சொன்னதோடு நில்லாமல் கேத்தரின் வீட்டுக்கும் நடந்தே போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஓலைக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள், சாமியார், கேத்தரின், ஆம்ப்ரோஸ், பின்னால் மதலைமுத்து. கேத்தரின் இந்தத் தடவையும் உட்காரவில்லை. அன்னைக்கு நான் யார் முன்னால முழங்கால் போட்டேன், அதை மட்டும் சொல்லுங்க சம்பந்தி என்றாள். மாதா முன்னாலதான், பாம்பு கீழதான் இருந்தது என்று நான் உள்ளதைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. சாமியார் விரிப்பை நீக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். உன் பாம்பும் மரியாதை தெரிந்ததுபோல மண்ணிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. மதலைமுத்து தெருவுக்குப் போய்விட்டார். சாமியார் நிமிர்ந்து, பாம்பு வைத்திருப்பது கலியாணத் தடை என்று திருச்சபைச் சட்டம் எதிலும் இல்லை, மாமியாரைப் பாம்பின் முன்னால் செபம் சொல்ல வைப்பதைப் பற்றியும் ஒன்றும் இல்லை, இப்படி ஒருவர் செய்வார் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்காது என்றார். ஆனால் பிள்ளைவீட்டார் மனக்குறையோடு இருக்கும்போது நாளைக்கு ஓலை வாசிக்க முடியாது, பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கேத்தரின், பாம்பு இன்னைக்கே இந்த வீட்டை விட்டுப் போகணும், போனா ஓலை, போகலைன்னா நிச்சயம் இல்லை என்றாள்.

ஆம்ப்ரோஸ் முன்னால் வந்தான். அம்மா, நான் வேலையாப் போற எந்த வீட்டிலயும் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துவாங்க, இந்த வீட்டிலதான் காபி கொடுத்தாங்க, விட்டுடாதீங்க என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான். பிரிஜெட் வாசற்படியில் வந்து நின்று, அம்மா கொடுத்துடும்மா, நானே கொண்டுபோய் நீலசந்திரா பக்கம் ராகிக் கொல்லையில விட்டுட்டு வரேன், நோயல் ஒண்ணும் சொல்லமாட்டான் என்றாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷமும் இந்தச் சனியன் எப்போது ஒழியும் என்று கரித்துக்கொட்டியவள் நான்தான். பெற்ற மகள் கலியாணம் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது, எனக்கு வாய் வரவில்லை மகனே. சாமி, அது என் மகனோடது, மாசாமாசம் அதைக் கேட்டுத்தான் எனக்குக் கடுதாசி போடுறான், அது இல்லைன்னா அவன் எதைக் கேட்டு எழுதுவான் என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அழுததில் எனக்கு வெட்கம் இல்லை, மதலைமுத்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் வெட்கம்.

கேத்தரின் என் பக்கத்தில் வந்து நின்றாள். மாசாமாசமா வருது என்று கேட்டாள். நான் அலமாரியிலிருந்து உன் ஜூலைக் கடிதத்தைக் கொண்டுவந்து முதல் வரியை வாசித்தேன், பாம்பு சுகமா, தோல் உரித்ததா, குளிரில் சாக்குப் போட்டு மூடுகிறீர்களா. இன்னொரு தரம் வாசியுங்க என்றாள். வாசித்தேன். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். டெஸ்மண்ட் பினாங்குக்குப் போன முதல் வருஷத்தோடு கடிதம் நின்றுவிட்டதாம், இருக்கிறானா என்ன ஆனான் என்றுகூட ஒரு தகவலும் இல்லையாம், ஆம்ப்ரோஸ் எழுதிய கடிதங்கள் எல்லாம் முத்திரை குத்தித் திரும்பி வருகின்றனவாம். இதைச் சொல்லிவிட்டு அவள் பாம்புப் பெட்டியைப் பார்த்து, என் பிள்ளை ஒரு பூனைக்குட்டியையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம் என்றாள். உன் அப்பா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, சாமி, நாளைக்கு ஓலை வாசிச்சிடுங்க, பாம்பு இருக்கட்டும், மாதாவை மட்டும் உள்ள கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்க என்றாள். சாமியாரே சுரூபத்தைத் தூக்கி உள்ளே வைத்து, குங்குமத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, தீர்த்தம் தெளித்தார். எனக்குத் தண்டனையாக மதலைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் மன்னித்தார், ஆனால் தெருவில் நின்றபடியேதான் மன்னித்தார்.

கலியாணத்தன்று வராந்தாப் பக்கம் ஒருவரும் வராததால் பிரியாணி தேக்சாக்களை அங்கே காவல் இல்லாமலே வைத்தோம், ஒரு துண்டுக் கறி குறையவில்லை. பிரிஜெட் நீ அனுப்பிய வெள்ளைச் சாட்டின் துணியில்தான் கவுன் தைத்திருந்தாள், பார்க்க லட்சணமாக இருந்தாள். படம் எடுத்திருக்கிறோம், கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

இனி பாம்புக்கு வருகிறேன். இதுவரை தள்ளிப்போட்டேன், உலையும் கொதித்து அடங்கிவிட்டது. இந்த மாதம் மாதா பிறந்தநாள் திருநாள் கொடி இறக்கிய மறுநாள் காலை அப்பா வழக்கம்போல எலியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் விட்டார். கொஞ்சநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எலி பாம்பின் மேல் ஏறி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை, நோவு இருந்ததாகவும் தெரியவில்லை, ஆகஸ்டிலிருந்தே தீனி குறைந்திருந்தது, நான்தான் மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அந்த எலியை எடுத்துப்போய்த் தெருவில் விட்டுவிட்டார், பிறகு தன் பழைய ரயில்வே கோட்டைக் கிழித்து அதில் பாம்பைச் சுற்றிக் கொல்லையில் மாதுளைச் செடி ஓரம் குழி தோண்டிப் புதைத்தார். முழங்கால் வலிக்குமே, நான் தோண்டுகிறேன் என்றேன், விடவில்லை. புட்டம்மா வந்து கொஞ்சம் பால் ஊற்றினாள், நான் தடுக்கவில்லை. போய்ச் சொல்கிறவர்கள் உபதேசியாரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா ஒரு யோசனை சொன்னார். புட்டம்மாவின் புருஷனிடம் சொன்னால் ராகிக் கொல்லையிலிருந்து அதே நிறம் அதே நீளத்தில் இன்னொன்று தோண்டிக் கொண்டுவருவான், பெட்டியில் விட்டுவிட்டால் நைரோபியில் இருக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது, பாம்பு சுகம் என்று எழுதிக்கொண்டே இருக்கலாம் என்றார். உன் அப்பா பொய் பேசாதவர், எனக்காகத்தான் அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு நாள் சரி என்றுதான் இருந்தேன், பெட்டியைக்கூடக் கழுவிக் காயவைத்தேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. பிரிஜெட்டை அம்மாவீட்டுக்கு அழைத்து வருகிற சாக்கில் கேத்தரின் அன்றைக்கு வந்திருந்தாள், தம்பி கடுதாசியை வாசியுங்க, கேக்கலாம் என்றாள். பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன், முதல் வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவள் என் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீதியைத் தானே உரக்க வாசித்தாள், எனக்கு வந்த முத்தங்கள் வரை. வாசித்துவிட்டு அப்பாவின் யோசனையையும் கேட்டுவிட்டு, வேண்டாம் சம்பந்தி, செத்ததைச் செத்துப்போச்சுன்னே எழுதிடுங்க, தெரியாம இருக்கிறதைப்போலக் கொடுமை வேற இல்லை என்றாள். அதனால் எழுதுகிறேன். உன் பாம்பு செத்துப்போய்விட்டது நோயல். நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்.

அங்கே மூன்று கொம்பு உள்ள பச்சோந்தி ஒன்றைப் பிடித்துச் சன்னலில் வளர்ப்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது, கொம்புக்காக அல்ல, ஓர் ஊரில் ஒரு பிராணியை வளர்க்க ஆரம்பித்தவன் அந்த ஊரைவிட்டு லேசில் கிளம்பமாட்டான் என்பதற்காக. இருக்கட்டும், உன் இஷ்டம். அதற்கு வேளைக்கு வெட்டுக்கிளி பிடித்துப் போடு, படுக்கைப் பக்கம் விடாதே, அதைத் தொட்ட கையோடு சாப்பிடாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். பெரிய கடன் திருநாளுக்காவது பூசைக்குப் போ. அக்காவுக்கும் மச்சானுக்கும் தனியாக நாலு வரி எழுது, ஆம்ப்ரோஸ் கூச்சப்படுகிற பிள்ளை, நீதான் முதலில் எழுத வேண்டும்.

சேசுவின் திருஇருதயமும் தேவமாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்களாக. அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். முக்கியமாக ஒன்று. கேத்தரின் இப்போதே அடுத்த தபால் எந்தக் கப்பலில் வரும் என்று ஆம்ப்ரோஸை அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு இங்கே வந்துவிடுவாளாம். எழுத ஒன்றும் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, வெறும் சுகம் என்று எழுதினாலும் போதும், வாசலில் இரண்டு அம்மாக்கள் நிற்போம்.

இப்படிக்கு,
உன் கையெழுத்தைப் பார்த்தாலே போதும் என்றிருக்கும் அம்மா,
ஜோசஃபின்.